சி, டி, ஈ என்று பிரிக்கத்தான் வேண்டுமா? புதிதாகக் கணினி வாங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புது லேப்டாப் வாங்கிக்கொண்டு கடைப் படியை விட்டு இறங்கும் முன் ஒரு கேள்வி வரும். "பார்ட்டிஷன் போட்டுத் தரவா சார்?" என்ன ஏது என்று தெரியாமல் நாமும் தலையாட்டிவிடுவோம். பத்து நிமிடத்தில் சி, டி, ஈ, எஃப் என்று நான்கு டிரைவ் வந்து நிற்கும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் சி டிரைவ் மட்டும் நிறைந்து சிவப்புக் கோடு காட்டும். மற்ற மூன்றும் காலியாகக் கிடக்கும்.

மதுரையில் சிம்மக்கல் பக்கம் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து ஃப்ளெக்ஸ், கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் என்று நாள் முழுக்கக் கணினியோடுதான் பொழுது போகிறது. கூடவே தெரிந்தவர்களின் சிஸ்டத்தையும் பார்த்துக் கொடுப்பேன். அதில் திரும்பத் திரும்ப வரும் தொல்லைகளில் பாதி, யோசிக்காமல் போட்ட பார்ட்டிஷனால் வருவது. அதனால்தான் இதை விரிவாகவே எழுதுகிறேன். இதில் சொல்லும் படிகள் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

பார்ட்டிஷன் என்றால் என்ன?

மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாய்ப் பாசன வயல்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரே நிலம்தான், நடுவில் வரப்பு கட்டி இரண்டு வயலாக வைத்திருப்பார்கள். ஒன்றில் அறுவடை முடிந்து உழும்போது, அடுத்ததில் கதிர் அசையாமல் நிற்கும். டிஸ்க்கைப் பிரிப்பதும் இப்படித்தான். உள்ளே இருப்பது ஒரே ஒரு டிஸ்க். சி, டி என்பவை அதில் வரப்பு கட்டிப் பிரித்த வயல்கள். சி-யை ஃபார்மேட் அடித்தால், அதாவது மொத்தமாகத் துடைத்தால், டி-யில் இருப்பது அப்படியே இருக்கும். இந்த வரப்பைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம் மனதில் வையுங்கள். சி-யில் இடம் தீர்ந்துவிட்டால், டி-யில் எவ்வளவு காலியாக இருந்தாலும் அது தானாக சி-க்கு வராது. மொத்த நிலமும் வெள்ளத்தில் போனால் இரண்டு வயலும் சேர்ந்தேதான் போகும்.

பிரிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றால், ஒரு காலத்தில் அதற்குக் கட்டாயம் இருந்தது. விண்டோஸுக்கு முந்தைய டாஸும் தொடக்கக் கால விண்டோஸ் 95-ம் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கப் பயன்படுத்திய ஃபேட்16 முறையில் ஒரு பார்ட்டிஷன் 2 ஜி.பி.க்கு மேல் போக முடியாது. 4 ஜி.பி. டிஸ்க் வாங்கினால் பிரித்தே ஆக வேண்டும். பிறகு ஃபேட்32, என்.டி.எஃப்.எஸ். என்று வந்து அந்தக் கட்டாயம் போய்விட்டது. சுழலும் ஹார்ட் டிஸ்க் காலத்தில் இன்னொரு காரணமும் இருந்தது. தட்டின் வெளி விளிம்பில் இருக்கும் தகவலை வேகமாகப் படிக்கலாம் என்பதால், விண்டோஸைச் சிறிய சி டிரைவில் முன்னால் வைப்பார்கள். இன்றைய எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, சுழற்சியும் இல்லை. எங்கே வைத்தாலும் ஒரே வேகம்தான். பிரித்தால் எஸ்.எஸ்.டி. சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று சிலர் சொல்வதும் சரியல்ல. எந்தச் சில்லில் எழுதுவது என்பதை எஸ்.எஸ்.டி. தன் மொத்தப் பரப்பிலும் மாற்றி மாற்றி அதுவே பார்த்துக்கொள்கிறது, நம் வரப்புகள் அதற்குக் கணக்கே இல்லை.

ஆக, இன்றைக்கு நிற்கும் காரணம் ஒன்றுதான். நம் ஊரில் சிஸ்டத்தில் எது பழுதென்றாலும் கடைசி மருந்து "ஓ.எஸ். புதுசா போட்டுறலாம்" என்பது. ஓ.எஸ். என்றால் இங்கே விண்டோஸ்தான். அப்படிப் போடும்போது உங்கள் கோப்புகள் வேறு பார்ட்டிஷனில் இருந்தால் தப்பிக்கும்.

உங்களுக்கு வேண்டுமா, வேண்டாமா?

முதலில் உங்களிடம் என்ன டிஸ்க் இருக்கிறது என்று பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க் என்பதன் கீழே எஸ்.எஸ்.டி.யா ஹெச்.டி.டி.யா (சுழலும் ஹார்ட் டிஸ்க்) என்று போட்டிருக்கும், அளவும் இருக்கும். 512 ஜி.பி. என்று சொல்லி விற்றது 476 என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் 1024 என்று கணக்கிடுகிறது. அதே கணக்கில் 256 என்பது 238 ஆகத் தெரியும், 1 டி.பி. என்பது 931 ஆகத் தெரியும்.

256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. என்றால் பிரிக்காதீர்கள். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்ச இடமே 64 ஜி.பி. அதன் மேல் அப்டேட், ஆஃபீஸ், ஃபோட்டோஷாப் என்று ஏறிக்கொண்டே போகும். இருக்கிற கொஞ்ச இடத்தில் வரப்பு கட்டினால் இரண்டு பக்கமும் நெருக்கடிதான்.

டெஸ்க்டாப்பில் சின்ன எஸ்.எஸ்.டி. ஒன்றும் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றும் தனித்தனியாக இருந்தாலும் பிரிக்கத் தேவையில்லை. எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ், ஹார்ட் டிஸ்க்கில் உங்கள் வேலை. ஏற்கெனவே இயல்பாகப் பிரிந்துதான் இருக்கிறது.

512 ஜி.பி.யோ அதற்கு மேலோ உள்ள ஒரே டிஸ்க், அதில் நீங்களே உருவாக்கும் வேலைகள் இருக்கின்றன என்றால், இரண்டாகப் பிரிக்கலாம். இரண்டு போதும். படத்துக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று போக வேண்டாம், அதற்கெல்லாம் ஃபோல்டர் இருக்கிறது. ஃபோல்டர் தேவைக்கேற்ப வளரும், சுருங்கும். பார்ட்டிஷன் அப்படி வளையாது.

பிரித்தும் போன கதை

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அண்ணன் வருவார். விசேஷ வீடுகளில் லேப்டாப்பில் மொய் எழுதிக் கொடுப்பவர். மண்டப வாசலில் மேசை, லேப்டாப், ரசீது அடிக்கும் சின்ன பிரின்டர். ஊர், பெயர், தொகை என்று தட்டத் தட்ட ரசீது வரும். விசேஷம் முடிந்ததும் ஊர்வாரியாகப் பிரித்து நோட்டாக அச்சடித்து வீட்டுக்காரர் கையில் கொடுப்பார். மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். அந்த நோட்டு ஒரு குடும்பத்துக்கு இருபது வருஷத்துக்கு வேண்டியது.

அவர் லேப்டாப்பில் சி, டி, ஈ மூன்றும் பக்காவாக இருந்தன. மெதுவாக ஓடுகிறது என்று ஒரு கடையில் கொடுத்தார். திருப்பி வாங்கும்போது அந்தத் தம்பி சொன்னது: "டி, ஈ ரெண்டுலயும் கை வைக்கலண்ணே, சி-யை மட்டும்தான் ஃபார்மேட் அடிச்சோம்." அவர் சொன்னது உண்மைதான். ஆனால் மொய் சாஃப்ட்வேர் தன் கணக்கை எல்லாம் சி டிரைவில், தன் சொந்த ஃபோல்டருக்குள்தான் வைத்திருந்தது. டி-யில் இருந்தவை சினிமாப் படங்கள்.

இரண்டு வீட்டு விசேஷங்களுக்கு இன்னும் நோட்டு அச்சடிக்கவில்லை. ஞாயிறு சாயங்காலம் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். மீட்கும் மென்பொருள் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்திருந்தால் ஓரளவு மீட்டிருக்கலாம். எஸ்.எஸ்.டி.யில் டிரிம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. கோப்பை அழித்ததும் அந்த இடத்தை இனி வேண்டாம் என்று விண்டோஸ் சொல்லிவிடும், எஸ்.எஸ்.டி. அதை உண்மையிலேயே துடைத்துவிடும். அப்புறம் யார் வந்தாலும் எடுக்க முடியாது. ஒரு வீட்டில் மொய்க் கவர்களைச் சாக்குப் பையில் போட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கவராக எடுத்து, மேலே எழுதியிருந்த பெயரையும் தொகையையும் மறுபடி ஏற்றினார். கவர் இல்லாமல் கையில் கொடுத்தவர்களின் கணக்கு போனது போனதுதான். இன்னொரு வீட்டில் ஒரு பெரியவர் நம்பிக்கை இல்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து நோட்டிலும் எழுதியிருந்தார். அந்த நோட்டுதான் அவரைக் காப்பாற்றியது.

பார்ட்டிஷன் போடுவது பாதி வேலை. உங்கள் கோப்பு எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பது மீதிப் பாதி. டெஸ்க்டாப்பில் வைத்தாலும், டாகுமென்ட்ஸில் வைத்தாலும், டவுன்லோட்ஸில் வைத்தாலும் அது சி டிரைவ்தான். திரையில் கண்ணுக்கு எதிரே இருப்பதால் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். ஃபார்மேட் அடித்தால் முதலில் போவது டெஸ்க்டாப்பில் வைத்ததுதான்.

தொடங்கும் முன்

எதையும் தொடுவதற்கு முன் முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ நகலெடுங்கள். எடுத்தபின் அதிலிருந்து நாலைந்து கோப்பைத் திறந்தும் பாருங்கள். சுருக்கும் வேலையில் பொதுவாகக் கோப்பு போகாது. ஆனாலும் நடுவில் கரன்ட் போனால் என்ன ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. லேப்டாப் என்றால் முழுதாக சார்ஜ் ஏற்றி, சார்ஜரையும் மாட்டி வையுங்கள். டெஸ்க்டாப் என்றால் யு.பி.எஸ். இருக்கட்டும். உங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்திருக்கும் நாளில் இந்த வேலையே வேண்டாம்.

அடுத்தது பலர் தவறவிடுவது. விண்டோஸ் 11 லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால், டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. செட்டிங்ஸில் பிரைவசி அண்டு செக்யூரிட்டி, அதில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று பாருங்கள். ஆன் ஆகியிருந்தால், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பிட்லாக்கர் ரெக்கவரி கீ என்று 48 இலக்க எண் இருக்கும். அதைத் தாளில் எழுதி வையுங்கள், அந்த லேப்டாப்புக்குள்ளேயே வைக்காதீர்கள். நாளைக்கு விண்டோஸைப் புதிதாகப் போட்டால், பத்திரமாக இருக்கும் டி டிரைவே இப்படி ஓர் எண்ணைக் கேட்கக்கூடும். டிரைவுக்கு டிரைவு இந்த எண் வேறு, ஆகையால் பிரித்து முடித்த பிறகும் ஒருமுறை கணக்கில் பார்த்து டி-யின் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். எண் இல்லையென்றால் கோப்பு கண்ணெதிரே இருந்தும் திறக்காது.

பிரிக்கும் வழி

விண்டோஸ் பொத்தானையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கீழ்ப்பாதியில் டிஸ்க் 0 என்று ஒரு நீளப் பட்டை தெரியும். அதில் சி டிரைவைத் தவிர 100 எம்.பி. அளவில் ஒரு சின்னத் துண்டும், கடைசியில் ரெக்கவரி என்று ஒரு துண்டும் இருக்கும். முன்னது கணினி எழுந்திருக்க வேண்டியது, பின்னது பழுது நீக்க வேண்டியது. வீணாகக் கிடக்கிறது என்று நினைத்து அவற்றை அழித்துவிடாதீர்கள். முதல் துண்டை அழித்தால் மறுநாள் கணினி விண்டோஸுக்குள்ளேயே போகாது.

சி மீது ரைட் கிளிக் செய்து ஷ்ரிங்க் வால்யூம் கொடுங்கள். கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுவிட்டு, எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்கும். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். சி எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை, சி-யிலிருந்து எவ்வளவு வெட்டி எடுக்க வேண்டும் என்று கேட்கிறது. அதுவும் எம்.பி.யில். 476 ஜி.பி. டிஸ்க்கில் டி-க்கு 270 ஜி.பி. வேண்டுமென்றால் 270-ஐ 1024-ஆல் பெருக்கி 276480 என்று போடுங்கள். சி-க்கு சுமார் 200 ஜி.பி. மிஞ்சும். இது என் அளவு. சி-க்கு 150-க்குக் கீழே போக வேண்டாம் என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன். குறுக்கிவிட்டுப் பிறகு வருந்துபவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

சில நேரம் பாதி டிஸ்க் காலியாக இருந்தும், கொஞ்சம்தான் வெட்ட முடியும் என்று காட்டும். பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் கோப்பு) போன்ற நகர்த்த முடியாத கோப்பு ஏதாவது நடுவில் உட்கார்ந்திருக்கும். சிஸ்டம் ப்ரொடெக்ஷனையும் விர்ச்சுவல் மெமரியையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி முயலுங்கள். முடிந்ததும் இரண்டையும் மறக்காமல் ஆன் செய்யுங்கள்.

வெட்டியதும் கறுப்புப் பட்டையோடு அன்அலக்கேட்டட் என்று ஓர் இடம் தெரியும். அதன் மீது ரைட் கிளிக் செய்து நியூ சிம்பிள் வால்யூம். அளவை அப்படியே விடுங்கள், எழுத்து டி, முறை என்.டி.எஃப்.எஸ்., குயிக் ஃபார்மேட். பெயர் கேட்கும் இடத்தில் நியூ வால்யூம் என்பதை அழித்துவிட்டு ஆங்கில எழுத்தில் டேட்டா என்று போடுங்கள். இதன் அருமை பிறகு தெரியும்.

பழைய கணினியில் ஏற்கெனவே நான்கு பார்ட்டிஷன் இருந்தால், டைனமிக் டிஸ்க்காக மாற்றவா என்று கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது எம்.பி.ஆர். முறையில் உள்ள டிஸ்க், அதில் நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்தான் அடங்கும். இப்போதைய ஜி.பி.டி. முறையில் விண்டோஸ் 128 வரை அனுமதிக்கும், ஆகையால் புதுக் கணினிக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

கோப்புகளைக் குடியேற்றுதல்

இனிதான் முக்கியமான வேலை. டி டிரைவில் டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப் என்று நான்கு காலி ஃபோல்டர் உருவாக்குங்கள். பிறகு சி-யில் இருக்கும் டாகுமென்ட்ஸ் மீது ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், லொக்கேஷன், மூவ். டி-யில் அதே பெயரில் உருவாக்கியதைக் காட்டுங்கள். பழைய கோப்புகளையும் நகர்த்தவா என்று கேட்டால் ஆம். மற்ற மூன்றுக்கும் இப்படியே. ஃபோல்டரைக் காட்டாமல் வெறும் டி டிரைவையே காட்டிவிடாதீர்கள், பிறகு திருப்பி மாற்றுவது பெரிய தலைவலி. மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் உங்கள் டெஸ்க்டாப்பைத் தன் வசம் எடுத்திருந்தால், அதன் செட்டிங்ஸில் அந்த பேக்கப்பை நிறுத்திவிட்டு வந்து இதைச் செய்யுங்கள்.

மொய் சாஃப்ட்வேர், கணக்கு எழுதும் சாஃப்ட்வேர் போன்றவை கோப்பை எங்கே வைக்கின்றன என்று அதனதன் செட்டிங்ஸில் தேடுங்கள். டேட்டா பாத் என்பது போல ஏதாவது இருக்கும். மாற்ற முடிந்தால் டி-க்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் அதிலேயே பேக்கப் என்று ஒன்று இருக்கும், அதை டி-யில் எடுத்து வையுங்கள். எங்களைப் போன்ற டி.டி.பி.காரர்கள் ஃபான்ட்டையும் மறக்கக் கூடாது. பாமினி மாதிரிப் பழைய தமிழ் எழுத்துருக்கள் விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில்தான், அதாவது சி-யில்தான் இருக்கும். அது போய்விட்டால் டி-யில் பத்திரமாக இருக்கும் பத்து வருடப் பத்திரிகைகளும் புரியாத ஆங்கில எழுத்துகளாகத்தான் திறக்கும். எல்லா எழுத்துருவையும் நகலெடுத்து டி-யில் ஒரு ஃபோல்டரில் போடுங்கள்.

சாஃப்ட்வேரையே டி-யில் இன்ஸ்டால் செய்தால் ஓ.எஸ். மாற்றிய பிறகும் ஓடும் என்று நினைக்க வேண்டாம். அதன் பதிவுகள் சி-யில் இருக்கும். எப்படியும் மறுபடி இன்ஸ்டால் செய்துதான் ஆக வேண்டும்.

ஓ.எஸ். போடும் நாளில்

விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் திரையில் சி, டி என்ற எழுத்துகள் வராது. பார்ட்டிஷன் 1, பார்ட்டிஷன் 3 என்று எண்ணும் அளவும்தான் வரும், பெயர் வைத்திருந்தால் பெயரும் வரும். டேட்டா என்று பெயர் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். கடையில் கொடுப்பதாக இருந்தால், "டேட்டான்னு பேர் போட்ட 270 ஜி.பி. பார்ட்டிஷன்ல கை வைக்காதீங்க தம்பி" என்று வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், தாளில் எழுதி லேப்டாப்பின் அடியில் ஒட்டிக் கொடுங்கள். வேலை பார்ப்பவர் ஒரே நாளில் எத்தனையோ மெஷின் பார்ப்பவர், உங்கள் சொல் அவர் நினைவில் இருக்கும் என்று விட்டுவிட வேண்டாம். வீட்டிலேயே ரீசெட் செய்கிறீர்கள், ரிமூவ் எவ்ரிதிங் கொடுக்கிறீர்கள் என்றால், விண்டோஸ் இருக்கும் டிரைவை மட்டுமா எல்லா டிரைவையுமா என்ற தேர்வை நிதானமாகப் படியுங்கள்.

லினக்ஸ் பழக நினைக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. சி-யை மேலே சொன்ன மாதிரி சுருக்கி, வந்த இடத்தை ஃபார்மேட் செய்யாமல் அப்படியே விடுங்கள். லினக்ஸில் ஒரு வகையான உபுண்டு தன் இன்ஸ்டாலரிலேயே அதை எடுத்துக்கொள்ளும், 25 ஜி.பி. குறைந்தபட்சம் வேண்டும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பார்ட்டிஷனைப் படிக்க மட்டும்தான் முடியும், எழுத விடாது.

பிரித்தது பிடிக்கவில்லை, சி போதவில்லை என்றால் என்ன செய்வது? டி-யில் இருப்பதை எல்லாம் வெளி டிஸ்க்குக்கு எடுத்துவிட்டு, அங்கே மாற்றிய ஃபோல்டர்களை லொக்கேஷனில் போய்ப் பழையபடி சி-க்கே திருப்பிவிட்டு, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் டி-யை டெலீட் செய்து, சி மீது எக்ஸ்டெண்ட் வால்யூம் கொடுக்கலாம். காலி இடம் சி-க்கு வலப்பக்கத்தில் ஒட்டி இருந்தால்தான் இது நடக்கும். நடுவில் வேறு துண்டு நின்றால் எக்ஸ்டெண்ட் மங்கலாகவே இருக்கும். பக்கத்து வயலோடுதான் வரப்பை மாற்றலாம், ஒரு வயல் தாண்டி மாற்ற முடியாது. ஈ-யைக் காலி செய்துவிட்டு சி ஏன் பெரிதாகவில்லை என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

வெள்ளத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? டிஸ்க் பழுதானால், லேப்டாப் தொலைந்தால், சி-யும் டி-யும் ஒன்றாகத்தான் போகும். டி-யில் எடுத்த நகலை பேக்கப் என்று கணக்கில் வைக்காதீர்கள். ஒரு வெளி டிஸ்க் வாங்குங்கள், வாரம் ஒரு நாள் டி-யை அதில் நகலெடுங்கள், எடுத்தபின் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள்.

உசிலம்பட்டி அண்ணன் இப்போது இரண்டே பார்ட்டிஷன் வைத்திருக்கிறார். மொய்க் கணக்கு டி-யில் இருக்கிறது. விசேஷம் முடிந்து பிரின்டரைப் பையில் வைப்பதற்கு முன், அன்றைய கணக்கை இரண்டு பென்டிரைவில் நகலெடுத்து, ஒன்றை நோட்டோடு சேர்த்து வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்துவிடுகிறார்.